கல்லாய் இறுகிய பிரேக்

அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று பத்தேகாலுக்குச் சொன்னார்கள், இப்போது பதினொன்றே முக்கால். துளசிமணிக்கு அதில் கோபம் வரவில்லை. இருபத்திரண்டு வருஷமாகக் கிராம செவிலியராக இருக்கிறவள், "அஞ்சே நிமிசம், எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று எத்தனை குழந்தைகளிடம் எத்தனை தாய்மார்களிடம் சொல்லியிருக்கிறாள், ஒரு நாளாவது அது ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கிறதா, ஒரு எறும்பாவது அப்படிக் கடித்திருக்கிறதா. ஈரோட்டு சர்வீஸ் சென்டரின் காத்திருக்கும் அறையில் ஏசி எலும்பு வரைக்கும் போனது. டிவியில் புதுக் கார் ஒன்று யாரும் ஓட்டாமல் மலை மேல் தானாகச் சுற்றிச் சுற்றி வந்தது. நடுவில் கண்ணாடிச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் வரிசையாகத் தூக்கி நிறுத்திய வண்டிகள், நான்காவதாக அவளுடைய வெள்ளைக் கார். மூன்று வருஷமாகச் சொந்தமாக வைத்திருக்கும் வண்டியின் அடிவயிற்றை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். பிரசவ வார்டுக்கு வெளியே நிற்கிற புருஷன்மார் மூஞ்சி ஞாபகத்துக்கு வந்தது, உள்ளே என்ன நடக்கிறது என்றும் தெரியாமல், போகவும் முடியாமல், டீயும் குடிக்கப் பிடிக்காமல். அவர்களை "ஓரமா நில்லுங்க" என்று எத்தனை தடவை விரட்டியிருக்கிறாள். கைப்பையில் கார் கம்பெனி அனுப்பிய கடிதம் இருந்தது, நாலாக மடித்து, மடிப்பெல்லாம் நைந்துபோய். இப்போது அதை எடுத்துப் படிக்க வேண்டியதில்லை, மனப்பாடம். மிதியை லேசாக்கும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் ரப்பர் குழாய் சூட்டில் பிளக்கக்கூடும், பிளந்தால் பிரேக் பெடல் இறுகிவிடலாம், வண்டி நிற்கக் கூடுதல் தூரம் பிடிக்கலாம், ஓட்டாமல் எங்களை அழையுங்கள், நாங்களே வந்து ஏற்றிப்போய் இலவசமாக மாற்றித் தருகிறோம்.

பெடல் இறுகிவிடலாம். இதைத்தானே அவள் சொன்னாள். போன தை மாசம், புதன்கிழமை, தடுப்பூசி நாள், மூன்று ஊர் சுற்றி முடித்துவிட்டு மத்தியானம் இரண்டு மணி வெயிலில் வீட்டுக்கு வந்தாள். தெருவிலிருந்து வாசலுக்கு ஒரு சின்ன இறக்கம். ஹாரன் சத்தம் கேட்டு அவளுடைய வீட்டுக்காரர் சென்னியப்பன் சாப்பாட்டுக் கையோடு எழுந்து வந்து கேட்டைத் திறந்தார், ஒரு கதவைத் திறந்துவிட்டு அடுத்த கதவின் தாழ்ப்பாளைக் குனிந்து தூக்கிக்கொண்டிருந்தார், அவள் பிரேக்கை மிதித்தாள், அது இறங்கவில்லை. இறங்கவே இல்லை. செருப்பைக் கழற்றிய வெறுங்காலுக்கு அடியில் கருங்கல்லை மிதித்த மாதிரி இருந்தது. வண்டி ஒன்றும் பறக்கவில்லை, மெல்லத்தான் போனது, அந்த மெல்லத்தான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கேட்டில் முட்டியது, கேட் அவர் முழங்காலுக்குக் கீழே அடித்தது, எலும்பு உடைகிற சத்தம் கண்ணாடியை ஏற்றியிருந்தும் கேட்டது. கேட்டதா, கேட்ட மாதிரி பிறகு நினைத்துக்கொண்டாளா? கோபி ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு அறை வாசலில் கண்டவர் எல்லாரிடமும் சொன்னாள், "பிரேக்கு கல்லு மாதிரி இருந்துச்சுங்க, கல்லு மாதிரி." கொழுந்தனார் நாச்சிமுத்து, பதினெட்டு வருஷமாக லாரி வைத்திருக்கிறவர், அதனால் சக்கரம் உள்ள எல்லாவற்றுக்கும் அதிகாரி, அவள் தோளைத் தட்டாத குறையாகச் சொன்னார், "அண்ணி, பதட்டத்துல எல்லாத்துக்கும் அப்பிடித்தான் தோணும். ஆக்சிலேட்டர மிதிச்சிருப்பீங்க. பொம்பளைங்க நெறையப் பேரு அப்பிடித்தான்." அன்றைக்குச் சாயங்காலமே வண்டியை எடுத்து ஓட்டிப் பார்த்தார், பிரேக் வெண்ணெய் மாதிரி இறங்கியது. அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, பேட்டரி செத்துவிடக் கூடாதென்று ஸ்டார்ட் பண்ணி நாலடி முன்னே நாலடி பின்னே விட்டு, "பாருங்க, நல்லாத்தான் புடிக்குது" என்று சொல்லிவிட்டுச் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார். அவளுடைய சம்பளத்தில் வாங்கிய வண்டியின் சாவி.

அதோடு விட்டார்களா. வண்டி நம்பரைக் கூட்டினால் எட்டு. நம்பர் வந்த அன்றைக்கே சென்னியப்பன் முகம் சுளித்தார், மாற்றிக் கேட்கலாம் என்றார், அவள்தான் "எட்டுல என்ன இருக்கு மாமா, ஆஸ்பத்திரியில எட்டாம் நம்பர் படுக்கையிலயும் புள்ளைக நல்லாத்தான் பொறக்குது" என்று வாயை விட்டாள். பூஜை போட்ட அன்றைக்கு நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள், அதில் இடது முன்சக்கரத்துப் பழம் மட்டும் நசுங்காமல் வழுக்கி ஓடிப்போய்ச் சாக்கடையில் விழுந்தது. அப்போது எல்லாரும் சிரித்தார்கள். கால் உடைந்த பிறகு அந்தப் பழம் ஊரெல்லாம் உருண்டது. எட்டு, எலுமிச்சை, கழற்றிப்போட்ட செருப்பு, அவளுக்கு நாற்பத்தேழு வயதில் வந்த ஓட்டுகிற ஆசை, காலை பூஜைக்குப் போட்ட கோலத்தின் மேல் வண்டி ஏறியது என்று ஆளுக்கொரு காரணம். பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள், முன்னால் கருப்புக் கயிறு கட்டினார்கள், உறை போட்டு மூடினார்கள். ஒருத்தர், ஒரே ஒருத்தர், வண்டியிலேயே ஏதாவது கோளாறு இருக்குமோ என்று கேட்கவில்லை. வண்டியைச் செய்தவர்களே கேட்டுக் கடிதம் எழுதும்படி ஆயிற்று. அந்தக் கடிதமும் ஒரு மாசமாகச் சென்னியப்பனின் உரக்கடை ரசீதுகளுக்கு நடுவில் கிளிப்பில் கிடந்தது, "என்னமோ வெளம்பரம்னு வெச்சிட்டேன்" என்றார். நம்பரைக் கூட்டத் தெரிந்த வீட்டில் ஒரு கடிதத்தைப் பிரிக்க ஆளில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய துணை சுகாதார நிலையத்துக்கு வந்த இரும்புச்சத்து மாத்திரையில் ஒரே தடவையில் தயாரித்த ஒரு லாட் நிறம் மாறி வந்தது. அந்த லாட் நம்பரில் உள்ளதெல்லாம் திருப்பி அனுப்பச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது, வீடு வீடாகப் போய் வாங்கி, பெட்டி கட்டி, கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். எந்தத் தாயிடமாவது "நீ முழுங்கின முறை சரியில்ல" என்று சொன்னாளா, மாத்திரையின் குற்றம் மாத்திரையினுடையதாகத்தானே இருந்தது. அப்படியிருக்க அவள் மட்டும் எப்படி ஒத்துக்கொண்டாள்? இங்கேதான் நினைப்பு ஒவ்வொரு தடவையும் வந்து முள்ளில் சேலை மாட்டின மாதிரி நிற்கும். ஒத்துக்கொண்டாள், உண்மை. கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை சொந்தமும் சுற்றி நிற்க, "மன்னிச்சிருங்க மாமா" என்று அழுதாள். அவரும் பெரிய மனது பண்ணி, "விடு துளசி, நடந்தது நடந்துபோச்சு, நான் மன்னிச்சிட்டேன்" என்றார். சொந்தமெல்லாம் உருகிவிட்டது. இந்த மாதிரி மனுசன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அவள் காதுபடவே பேசினார்கள். அதற்குப் பிறகு எட்டு மாசம் அந்த மன்னிப்போடு குடித்தனம் நடத்தினாள். சாம்பாரில் உப்புக் கூடினால் அவர் பேசாமல் சாப்பிட்டார், அந்தப் பேசாமலில் அது இருந்தது. அவர் மாடிப்படி ஏறும்போது கால் ஒரு நொடி தயங்கும், அவள் அடுப்படியிலிருந்து அந்தத் தயக்கத்தை எண்ணுவாள், அதிலும் இருந்தது. அடித்திருந்தால், திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பாள். மன்னித்தவரிடம் எப்படித் திருப்பிப் பேசுவது? பழையபடி பஸ் பிடித்து, குளிர்ப்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஓடை தாண்டி நடந்துதான் ஊர் ஊராகப் போனாள். நடக்கிறபோதெல்லாம் வலது காலைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். இந்தக் காலா? இதுவா வலப்பக்கம் தள்ளி மிதித்தது? கேட்கக் கேட்க அந்தக் காலுக்கே சந்தேகம் வந்துவிட்டது. கருங்கல் மாதிரி இருந்தது என்பது அன்றைக்கு அவள் உணர்ந்ததா, இல்லை பிறகு சொல்லிச் சொல்லி அவளே செய்த கல்லா என்று இப்போது நிஜமாகவே தெரியவில்லை. அதுதான் பயம், வேறொன்றும் இல்லை.

பன்னிரண்டடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது சர்வீஸ் அட்வைசர் பிரதீபன் டேப்லெட்டோடு வந்தான். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, கலையாத சிரிப்பு. "முடிஞ்சுது மேடம். புதுக் குழாய் போட்டாச்சு, டோட்டலா ஃப்ரீ. கூடவே வீல் அலைன்மென்ட், ஏசி கிளீனிங் எல்லாம் பண்ணிரலாமா? அதுக்கு மட்டும் சார்ஜ் வரும்." வேண்டாம் என்றாள். "பழைய குழாய் எப்பிடி இருந்துச்சு?" என்று கேட்டாள். அவன் டேப்லெட்டைத் தடவினான். "அதெல்லாம் பாக்க மாட்டோம் மேடம். நல்லா இருந்தாலும் மாத்தியாகணும், முன்னெச்சரிக்கைக்குத்தான். உங்க வண்டியில பிரச்சனை இருந்திருக்கணும்னு இல்ல, லட்சத்துல ஒண்ணு ரெண்டுலதான் வரும்." அந்தப் பழைய குழாயைக் கொடுங்கள் என்றாள். எந்த ஒர்க்‌ஷாப்பில் எதை மாற்றினாலும் கழற்றினதைக் கேட்டு வாங்குவது அவர்கள் ஊர்ப் பழக்கம், வாங்கி என்ன செய்வார்கள் என்று யாருக்கும் தெரியாது, வீட்டில் அட்டைப் பெட்டியில் துருப்பிடித்துக் கிடக்கும், ஆனாலும் கேட்காமல் வந்தால் ஏமாந்தவன். "அது கம்பெனிக்குத் திரும்பப் போயிரும் மேடம், பார்கோடு ஒட்டியாச்சு." அப்படியானால் சரி என்று சொல்லிவிடலாம். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பலாம். கடிதம் இருக்கிறது, இருந்தாலும் இருந்திருக்கலாம் என்கிற ஒரு லாம் இருக்கிறது, அந்த லாமைக் காட்டி வீட்டில் அரைக்கால் மரியாதையாவது மீட்டுக்கொள்ளலாம். உள்ளே போய்ப் பார்த்து, குழாய் புதுசு மாதிரி இருந்துவிட்டால்? லட்சத்தில் மிச்சம் எல்லாரையும் போல அவளுடையதும் நல்லதாகவே இருந்துவிட்டால்? அப்புறம் அந்தக் காலோடுதான் மிச்ச ஆயுசும் நடக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வண்டியை மெல்ல இறக்கிக்கொண்டிருந்தார்கள். துளசிமணி எழுந்தாள். கைப்பையைத் தோளில் மாட்டினாள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு காய்ச்சலையாவது தொட்டுப் பார்க்காமல், லட்சத்தில் ஒன்று என்று சொல்லி அனுப்பியிருக்கிறாளா அவள்?

வாடிக்கையாளர்களுக்கு அனுமதி இல்லை என்று எழுதிய கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். "மேடம், மேடம்" என்று பிரதீபன் பின்னாலேயே ஓடிவந்தான். உள்ளே ரப்பரும் எண்ணெயும் கலந்த சூடான வாடை, ஏசியில் விறைத்த கைகால்களுக்கு அது சுகமாகக்கூட இருந்தது. வண்டிப் பக்கத்தில் ஐம்பதைத் தாண்டிய மெக்கானிக் ஒருத்தர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார், சட்டையில் ஹனீபா என்று தைத்திருந்தது. "உள்ள வரக்கூடாதும்மா" என்றார். "வந்துட்டேனுங்களே" என்றாள் அவள், "இதுல கழட்டின குழாயக் கண்ணுல காட்டுங்க, போயிடறேன்." அவர் பிரதீபனைப் பார்த்தார். பிரதீபன் தலையை ஆட்டவும் இல்லை, ஆட்டாமலும் இல்லை. ஹனீபா ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து அந்தக் குழாயை எடுத்தார். கருப்பாக, வளைந்து, முழங்கை நீளம். பார்த்த பார்வைக்குப் புதுசு மாதிரியே இருந்தது. அவள் பக்கத்து டூல் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள், சரி, இந்தக் கால்தான், இந்தப் பாழாய்ப்போன கால்தான், என்று மனசு சொல்லி முடிப்பதற்குள் ஹனீபா குழாயை இரண்டு கையாலும் பிடித்து வளைத்தார். வளைந்த இடத்தில் நகக்கண் அகலத்துக்கு அது வாயைத் திறந்தது. விட்டார், மூடிக்கொண்டது. மறுபடி வளைத்தார், திறந்தது. "இஞ்சின் சூடானா இப்பிடித் தொறந்துக்கும்மா, ஆறிப்போனா மூடிக்கும். பின்னால எவன் ஓட்டிப் பாத்தாலும் நல்லாத்தான் இருக்கும்." அவள் கேட்டாள், தன் வாயால் எதையும் எடுத்துக் கொடுக்காமல், ரொம்ப ஜாக்கிரதையாக, நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்பது போல: "தொறந்துக்கிட்டா அந்த நேரத்துல பெடல் எப்பிடிங்க இருக்கும்?" ஹனீபா குழாயைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார், "கல்லு மாதிரி இருக்கும்மா. ஏறி நின்னு மிதிச்சாத்தான் உண்டு."

கல்லு மாதிரி. அவளுடைய வார்த்தை. யாருக்கும் வேண்டாமல் எட்டு மாசமாக வாசலில் கிடந்த வார்த்தை, முன்பின் தெரியாத மனுஷன் வாயிலிருந்து வந்தது. அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை, வந்தது கோபம், நல்ல சுத்தமான கோபம், வெயிலில் காய்ந்த துணி மாதிரி. போனில் நாலு போட்டோ எடுத்தாள், வளைக்கச் சொல்லி ஒன்று, நாலையும் வீட்டுக்காரருக்கு அனுப்பினாள். "இத ஜாப் கார்டுல எழுதிக் குடுங்க தம்பி, குழாய் பொளந்திருந்துச்சுன்னு." பிரதீபன் நெளிந்தான். "சிஸ்டத்துல அப்பிடி ஒரு ஆப்ஷனே இல்ல மேடம். மாத்தியாச்சுன்னு மட்டும்தான் வரும். அதுல ஒரு சைன் போட்டுட்டு... அப்புறம் நாளைக்குக் கம்பெனியில இருந்து போன் வரும், தயவுசெஞ்சு பத்துக்குப் பத்து குடுத்துருங்க மேடம், ஒம்பது போட்டாலும் எங்களைத்தான் கேப்பாங்க." பாவம், அவனுக்கும் மேலே ஒருத்தர் உட்கார்ந்துகொண்டு மிதிக்கிறார் போல. ஆனால் பாவம் பார்க்க இன்றைக்கு அவளுக்கு நேரமில்லை, இரக்கமும் தீர்ந்துபோயிருந்தது. சிஸ்டத்தில் இடமில்லை என்கிற பேச்சை அவளிடம் போய்ச் சொல்கிறான். பிறந்தது, இறந்தது, ஊசி போட்டது, போடாமல் ஓடிப்போனது எல்லாவற்றையும் பதிவேட்டில் கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், பொடி எழுத்தில் எழுதியே பிழைத்தவள் அவள். எழுதாதது நடக்காதது, அவளுடைய வேலையில் முதல் பாடமே அதுதான். "சிஸ்டத்துல எடமில்லாட்டிக் காகிதத்துல இருக்குது, குடுங்க" என்று ஜாப் கார்டை வாங்கி, பானெட் மேல் வைத்து, கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே தன் குண்டு குண்டான எழுத்தில் எழுதினாள்: கழற்றிய பிரேக் குழாய் பிளந்திருந்தது. நேரில் பார்த்தேன். சூட்டில் பெடல் இறுகும் என்று மெக்கானிக் கூறினார். தேதி, மணி, கையெழுத்து. பேனாவை ஹனீபாவிடம் நீட்டினாள். "நீங்க சொன்னதுதானுங்களே." பிரதீபன், "பாய், மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை" என்று இழுத்தான். ஹனீபா எழுதியிருப்பதை விரல் வைத்து ஒரு தடவை படித்தார். "உள்ளதத்தான எழுதிருக்காங்க" என்று கையெழுத்துப் போட்டார், எண்ணெய்க் கட்டை விரல் காகிதத்தில் பதிந்துவிட்டது, அதுவும் நல்லதுக்குத்தான். நகல் ஒன்றை வாங்கிக்கொண்டு, "பத்துக்குப் பத்து போடறேன் தம்பி, இவருக்கு" என்றாள்.

"வண்டிய யாரு எடுக்கிறாங்க மேடம்? சார் வருவாரா, டிரைவர் ஏற்பாடு பண்ணட்டுமா?" என்று பிரதீபன் பழக்கதோஷத்தில் கேட்டான். அவள் கையை நீட்டினாள். அவன் ஒரு நொடி புரியாமல் நின்றுவிட்டு அதில் சாவியை வைத்தான். காலையில் நாச்சிமுத்துவின் சட்டைப் பையிலிருந்து நேராக, காரை ஏற்றிப்போக வந்த டோ வண்டிக்காரன் கைக்குப் போன சாவி, எட்டு மாசத்தில் முதல் தடவையாக அவள் உள்ளங்கையில் குளிர்ந்தது. உள்ளே உட்கார்ந்து சீட்டை முன்னால் இழுத்தாள், கொழுந்தனார் தன் கால் நீளத்துக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தார். ஹனீபா ஜன்னலில் குனிந்து சொன்னார், "ஸ்டார்ட் பண்ணாம நாலஞ்சு தடவ பிரேக்க மிதிங்க, இறுகிடும். அப்பிடியே மிதிச்சுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. பெடல் கொஞ்சம் உள்ள எறங்கணும். எறங்குச்சுன்னா நல்லாருக்குன்னு அர்த்தம். தெனமும் பாத்துக்கலாம், யாரையும் கேக்க வேண்டியதில்ல." அதற்குள் போன் அடித்தது. சென்னியப்பன். "முடிஞ்சுதா? நீ வண்டியத் தொடாத துளசி, நாச்சிமுத்து மூணு மணிக்கு வந்து எடுத்தாறேங்கறான். போட்டோவெல்லாம் அனுப்பிருக்கற, பாத்தேன்... செரி, போகுது, அதுனால என்ன, நாந்தான் அன்னிக்கே மன்னிச்சிட்டனே." அவர் நல்லபடியாகத்தான் சொன்னார். அதுதான் அவருடைய கஷ்டம், பாவம், நல்லபடியாக அல்லாமல் அவருக்குப் பேசவே வராது. துளசிமணி செருப்பைக் கழற்றிப் பக்கத்து சீட்டுக்கு அடியில் தள்ளினாள். "மாமா, நீங்க அன்னிக்கு எனக்குக் குடுத்த மன்னிப்ப நான் திருப்பிக் குடுக்கறேன், வாங்கி வெச்சுக்குங்க. அது எனக்கு ஆகாது. வேணும்னா உங்க தம்பிக்குக் குடுங்க, அவருக்குத்தான் இனி வேணும்." போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு சீட் பெல்ட்டைப் போட்டாள். "நான்தான் ஓட்டிட்டு வாறேன். ரெண்டு மணிக்கு வாசல்ல இருப்பேன். கேட்ட நீங்கதான் தெறக்கோணும், அன்னிக்கு நின்னீங்கல்ல, அதே எடத்துல நின்னு தெறங்க." போனை வைத்தாள். பதில் வந்ததா, வரவில்லையா என்று பார்க்கவில்லை. வெறுங்காலால் பிரேக்கை ஐந்து தடவை மிதித்தாள், கல்லாக இறுகியது, தெரிந்த கல். காலை எடுக்காமல் சாவியைத் திருப்பினாள். பாதத்துக்கு அடியில் பெடல் மெல்ல உள்ளே இறங்கியது.